கிரிஞ்சுக்கு நாள் குறித்த கதை

2020 டிசம்பர் 9 அன்று இரவு, அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி இரண்டு மணி நேரத்தை ஓர் இசை நாடகத்துக்கு ஒதுக்கியது. டாக்டர் சூஸ் எழுதிய குழந்தைகள் புத்தகத்திலிருந்து பிறந்து, கால் நூற்றாண்டாக மேடையில் ஓடிய கிறிஸ்துமஸ் நாடகம் அது. கிரிஞ்சாகப் பச்சை ரோமம் போர்த்தி வந்தவர் மேத்யூ மாரிசன். லண்டனில் ஆளில்லாத ட்ரூபடோர் அரங்கில் ஆடியதை முன்கூட்டியே படம்பிடித்து ஒளிபரப்பினார்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் வறுத்தெடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வாசித்து முடிக்கும் புத்தகத்தை இப்படி இழுத்தால் வேறு என்ன ஆகும் என்பது அன்று எல்லோருக்கும் கைக்கெட்டிய விளக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இந்தக் கதையை முதன்முதலில் திரைக்குக் கொண்டுபோனவர்களும் இழுத்தவர்கள்தாம், மேடைக்குக் கொண்டுபோனவர்களும் இழுத்தவர்கள்தாம். அவர்கள் ஜெயித்தார்கள். பண்டிகைக் காலக் கதை ஒன்று வழக்கமாக வேரூன்றுவதற்கு அதன் நீளம் காரணமில்லை, நேர்த்திகூட முதல் காரணமில்லை. குறித்த நாளில் வரும், விட்டால் போயிற்று என்ற நிலைதான் காரணம். 2020இல் தொலைந்தது அதுதான்.

புத்தகம் 1957இன் இறுதியில் வந்தது. டாக்டர் சூஸ் என்ற பெயரில் எழுதிய தியோடர் கைசலுக்கு அது பொன்னான ஆண்டு. தொப்பி போட்ட பூனையின் கதையும் அதே ஆண்டில்தான் வெளியானது. மலைக்குகையில் வாழும் சிடுமூஞ்சி கிரிஞ்ச், கீழே ஹூவில் ஊரில் கிறிஸ்துமஸ் கூத்தைச் சகிக்க முடியாமல், சான்டா கிளாஸ் வேடம் போட்டு ஊரையே வழித்துத் துடைத்துக்கொண்டு போகிறான். பரிசு, மரம், விருந்துக்கு வைத்த இறைச்சி எதுவும் மிச்சமில்லை. விடிந்ததும் ஊர் அழும் என்று காத்திருக்கிறான். ஊரோ கைகோத்துப் பாடுகிறது. இந்தப் புத்தகத்தில் கிரிஞ்ச் பச்சை நிறம் கிடையாது. படங்கள் கறுப்பு, வெள்ளை, இடையிடையே சிவப்பு, அவ்வளவுதான். பச்சை வந்தது 1966இல், சக் ஜோன்ஸ் இயக்கிய கார்ட்டூன் படத்தில். போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சிக் கார்ட்டூன்களில் கைசலோடு வேலை பார்த்தவர் ஜோன்ஸ். அரைமணி நேர இடத்தை நிரப்பப் புத்தகம் பத்தாது. ஆகவே மேக்ஸ் என்ற நாய்க்கு வேலை கூடியது, சறுக்குவண்டி மலையிறங்கும் காட்சி நீண்டது, ஆல்பர்ட் ஹேக் இசையில் கைசலே எழுதிய பாட்டுகள் சேர்ந்தன. கதை சொன்ன குரல் போரிஸ் கார்லாஃப், ஃப்ராங்கன்ஸ்டைன் படத்தில் பூதமாக வந்த அதே நடிகர். அந்த டிசம்பர் 18இல் சிபிஎஸ்ஸில் வந்த படம் அதே நிலையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வருடந்தோறும் வந்தது. வீட்டில் ஒரே பெட்டி, ஊருக்கு மூன்று பெரிய அலைவரிசை, வருடத்துக்கு ஒரே ஒரு ஒளிபரப்பு. தவறவிட்ட குழந்தை அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதுதான். படத்தின் அருமையில் பாதி அந்தக் காத்திருப்பில் இருந்தது.

மேடைக்கு வந்தது கைசல் 1991இல் இறந்த பிறகு. மினியாபோலிஸ் நகரத்துச் சிறுவர் நாடகக் கம்பெனி 1994இல் அரங்கேற்றியது. வசனமும் பாடல் வரிகளும் டிமதி மேசன், இசை மெல் மார்வின். 1998இல் சான் டியேகோவின் ஓல்டு குளோப் அரங்கில் ஜாக் ஓ'பிரையன் அதைப் புதிதாக வடித்தார். கைசல் வாழ்ந்த லா ஹோயா அந்த நகரைச் சேர்ந்த பகுதிதான் என்பதால், அங்கே இது வெளியூர்ச் சரக்காக இல்லாமல் உள்ளூர்ச் சொத்தானது. ஒன்றரை மணி நேரத்துக்கு நீட்ட மேடைக்காரர்கள் கண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. நாயை இரண்டாக்கினார்கள். வயதான மேக்ஸ் முன்னால் வந்து நின்று, தான் குட்டியாக இருந்த காலத்துக் கிறிஸ்துமஸை நினைவுகூர்கிறது. அந்தக் குட்டி மேக்ஸ் பின்னால் நடிக்கிறது. புத்தகத்தில் சும்மா ஒருநாள் நடந்த சங்கதி, இப்படி ஆண்டுதோறும் சொல்லப்படும் பழைய கதையாகிவிட்டது. பேரக்குழந்தையோடு வரும் தாத்தா பாட்டிக்கும் மேடையில் ஒரு ஆள் கிடைத்தது. இது வெறும் இட்டுநிரப்பல் இல்லை. மறுபடி மறுபடி வருவது என்ற வழக்கத்தையே நாடகம் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டது. ஓல்டு குளோப் அரங்க முற்றத்தில் சூஸ் பாணியில் கோணல்மாணலாக ஒரு மரம் நட்டு விளக்கேற்றுவதும் இந்த நாடகப் பருவத்தோடு சேர்ந்த ஊர் நிகழ்ச்சியாயிற்று.

2006இல் இது பிராட்வேக்குப் போனது. அங்கே ஒரு நாடகத்துக்கு வழக்கம் வாரம் எட்டு ஆட்டம். கிரிஞ்ச் பன்னிரண்டும் அதற்கு மேலும் ஆடியது. நாள் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு மறு ஆண்டில் நடந்ததே சாட்சி. 2007 நவம்பர் 10 அன்று மேடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, பிராட்வேயின் பெரும்பாலான அரங்குகள் இருண்டன. கிரிஞ்ச் நாடகத்துக்குத் தொழிற்சங்கத்தோடு தனி ஒப்பந்தம் இருந்தது. சங்கமும் அங்கே வேலை செய்யத் தயாராக இருந்தது. அரங்க உரிமையாளர்தான் கதவைத் திறக்கவில்லை. தயாரிப்பாளர்கள் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கி, நன்றித் திருநாளுக்கு மறுநாள் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். வேறு நாடகமாக இருந்தால் நவம்பரில் விட்டதை மார்ச்சில் பிடிக்கலாம். கிறிஸ்துமஸ் நாடகத்தை ஜனவரியில் யார் பார்ப்பார்கள்?

கடைச்சரக்கால் கிறிஸ்துமஸ் வருவதில்லை என்று சொல்லும் கதையை வைத்தே இவ்வளவு வியாபாரமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், நியாயமான கேள்விதான். 1966 கார்ட்டூனுக்கு விளம்பரதாரராகக் கிடைத்தது வணிக வங்கிகளின் அமைப்பு ஒன்று என்பது அவர்களுக்கு அல்வா மாதிரி. ஆனால் கதையின் முடிவை ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். மனம் மாறிய கிரிஞ்ச் பரிசுகளை மலையுச்சியிலிருந்து உருட்டிவிடவில்லை. மூட்டையோடு திருப்பிக் கொண்டுவருகிறான், விருந்தில் உட்கார்ந்து இறைச்சியை அறுத்துப் பரிமாறுபவனும் அவனே. பொருள் வேண்டாம் என்று கதை சொல்லவில்லை. பொருள் போனாலும் கூடுவது நிற்காது என்கிறது. அந்தக் கூடுகையை நடத்தச் செலவாகும். அமெரிக்காவின் பல நாடகக் குழுக்களும் பாலே குழுக்களும் டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையையும் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயையும் டிசம்பரில் ஆடி வரும் வசூலில்தான் மீதி ஆண்டை ஓட்டுகின்றன. வியாபாரம் இந்த வழக்கத்தைக் கெடுத்தது என்பதைவிட, வியாபாரம் இல்லாமல் இந்த வழக்கமே இல்லை என்பது உண்மைக்கு அருகில் இருக்கும்.

தொலைக்காட்சியும் மேடையும் சந்தித்த பழைய உதாரணம் ஒன்று என் வாதத்துக்கு உதவுகிறது. 1951 டிசம்பர் 24 அன்று ஜான் கார்லோ மெனோட்டியின் 'அமால்' என்ற சிறு ஆபெராவை என்பிசி நேரடியாக ஒளிபரப்பியது. ஊன்றுகோலோடு நடக்கும் ஏழைச் சிறுவன் வீட்டுக்கு மூன்று ராஜாக்கள் வரும் கதை. அது கிறிஸ்துமஸ்தோறும் திரும்ப வந்தது. 1963இல் நிலையம் அதை மெனோட்டியின் ஒப்புதல் இல்லாமல் ஒளிநாடாவில் பதிவு செய்தது. உரிமை 1966இல் தன் கைக்குத் திரும்பியதும் அவர் அந்தப் பதிவை மேற்கொண்டு காட்ட விடவில்லை. பதிவோடு திரையில் அந்த வழக்கம் அறுந்தது. நேரடியாக ஆடும் இடங்களில் ஆபெரா சாகவில்லை, தேவாலயங்களிலும் கல்லூரி மேடைகளிலும் இன்றும் பாடப்படுகிறது. அதே 1966இன் டிசம்பரில்தான் கிரிஞ்ச் திரைக்கு வந்தான் என்பது தற்செயல், ஆனால் சுவையான தற்செயல்.

கார்ட்டூனும் பதிவுதானே, அது எப்படி வேரூன்றியது என்று ஒருவர் மடக்கலாம். அதற்கு வருடத்தில் ஒரே இரவு இருந்தது, அதுவே பதில். வீடியோ நாடாவும் இணையமும் வந்த பிறகு அந்த ஒரே இரவை மீட்க நிலையங்களுக்கு இருந்த வழி நேரடி ஒளிபரப்பு. 2013 டிசம்பரில் என்பிசி 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தை நேரடியாகக் காட்டியபோது ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நாயகி கேரி அண்டர்வுட்டின் நடிப்பை விமர்சகர்கள் கிழித்தார்கள்; அரங்கில் பார்வையாளரும் இல்லை. இருந்தும் கூட்டம் வந்தது. யாராவது வரியை மறப்பார்களா, கால் தடுக்குமா என்ற பதற்றம் நேரடிக்கே உரியது. மறு ஆண்டு 'பீட்டர் பான்' அதில் பாதிப் பேரைத்தான் இழுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நேரடி என்பது மந்திரக்கோல் இல்லை. ஆனால் 2020இன் கிரிஞ்சுக்கு அந்தக் கோல்கூட இல்லை. முன்பே பதிவானது, ஒளிபரப்பு முடிந்ததும் இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கக் கிடைப்பது. அன்றிரவே உட்கார்ந்து பார்க்க ஒருவருக்கும் அவசரமில்லை. 2013இன் கூட்டத்தில் சிறு பங்குதான் வந்தது.

தொற்றுக்காலத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது கடைசி மறுப்பு. பிராட்வே மார்ச் 12 முதல் பூட்டிக் கிடந்தது, உண்மை. அதே ஆண்டு ஓல்டு குளோப் என்ன செய்தது என்று பாருங்கள். உள்ளூர்ப் பொது வானொலியோடு சேர்ந்து நாடகத்தை ஒலி வடிவில் கொடுத்தது. மேடை போலப் பாவனை செய்யாமல், கேட்பதற்கென்று ஆக்கி, தன் ஊருக்கு வழக்கமான பருவத்தில் கொடுத்தது. என்பிசியும் ஏதோ கற்றுக்கொண்டது போலிருக்கிறது. 2021 டிசம்பர் 2 அன்று 'ஆனி' நாடகத்தை நேரடியாக, அரங்கில் பார்வையாளர்களை உட்காரவைத்தே காட்டியது.