உடைமையும் கடமையும்

தன் நிலத்தில் ஒருவன் விரும்பியதையெல்லாம் செய்யலாமா? பிரெஞ்சு தேசத்தில் 1804-ல் இயற்றப்பட்ட சிவில் சட்டத்தின் 544-வது பிரிவு, சட்டம் தடுத்தவை நீங்கலாக, வரம்பின்றி அனுபவிக்கும் உரிமையே உடைமை என வகுத்தது. பிரபுக்களின் பிடியினின்று நிலத்தை மீட்ட புரட்சியின் பயன் அது. அக்காலத்துக்கு அது முன்னேற்றமே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஆலைகள் பெருகிய பின்னர், ஒருவன் உரிமை பலர் வாழ்வை நசுக்கக் கண்ட அறிஞர் வேறு விடை தேடினர்.

அவ்விடையின் வித்து போர்தோ நகரச் சர்வகலாசாலையில் ஊன்றப்பட்டது. 1886-ல் அங்குச் சட்டம் போதிக்க வந்தவர் லெயோன் டியூகி. மறு ஆண்டில் சமூக விஞ்ஞானம் கற்பிக்க வந்தவர் எமில் துர்க்கைம். தொழிற்பிரிவினையைப் பற்றி 1893-ல் எழுதிய நூலில் துர்க்கைம் கூறியது யாதெனில்: தொழில்கள் பிரியப் பிரிய மக்கள் ஒருவரையொருவர் மேலும் மேலும் சார்ந்தே வாழ்கின்றனர், அப்பிணைப்பின் கண்கூடான அடையாளமே சட்டம். கொல்லனின்றி உழவன் உழான். உழவனின்றிக் கொல்லன் உண்ணான்.

டியூகி இக்கருத்தைச் சட்டத்துறைக்குக் கொணர்ந்தார். அரசு என்பது இறைமை படைத்த தனி ஆள் அன்று, ஆள்வோரும் மனிதரே, சமூகப் பிணைப்பின் நெறிக்கு அவரும் கட்டுப்பட்டவரே என 1901-ல் எழுதினார். 1911-ல் புவனஸ் அயர்ஸ் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில், உடைமை உரிமையன்று, சமூகப் பணி என்று துணிந்துரைத்தார். நிலத்தைத் தரிசாகப் போடுவோனை அரசு தட்டிக்கேட்கலாம் என்பது அதன் பொருள்.

எனினும் அவர் தோழரைக் கண்மூடிப் பின்பற்றவில்லை. சமூகத்துக்குத் தனி மனம் உண்டென்னும் துர்க்கைமின் கொள்கையை ஏற்க மறுத்தார். நினைப்பவரும் விரும்புபவரும் தனி மனிதரே என்றார். இவ்வேறுபாட்டை நாம் பெரிதும் மதிக்கிறோம். சமூகத்தின் பெயரால் எளியோரை ஒடுக்கிய ஆட்சிகளை இருபதாம் நூற்றாண்டு கண்டதன்றோ? உடைமையாளனைக் கட்டும் நெறி ஆள்வோனைக் கட்டாவிடில், அது மக்களுக்குப் புதிய விலங்கேயாகும். டியூகி இருவரையும் கட்டினார்.

544-வது பிரிவு இன்றும் நீக்கப்படவில்லை. ஆயினும் 1915-ல், அண்டை நிலத்தாரின் வான்கப்பலுக்குத் தீங்கு செய்யவே தன் நிலத்தில் இரும்பு முனைகளை நிறுத்தியவன் இழப்பீடு கொடுக்க வேண்டுமென்ற தீர்ப்பை அத்தேசத்து மேல்நீதிமன்றம் உறுதிசெய்தது. டியூகியின் கொள்கையை அம்மன்றம் ஏற்றதெனச் சொல்லோம். உரிமையைத் தீய நோக்குடன் கையாளலாகாது என்பதே அதன் முடிவு. ஆனால் 'என் நிலம், என் இஷ்டம்' என்னும் வாதம் அங்குச் செல்லவில்லை என்பதை அன்பர்கள் கருதுவார்களாக.