முடிசூட்டுப் பதக்கங்கள்: லண்டன் தேவாலயத்திலிருந்து தில்லி தர்பார் வரை

முடிசூட்டுப் பதக்கம் பார்ப்பதற்கு நாணயம் போலவே இருக்கும். ஆனால் அதில் மதிப்பு எதுவும் பொறிக்கப்பட்டிருக்காது; அதைக் கொடுத்துச் சந்தையில் எதையும் வாங்க முடியாது. அரசர் ஒருவர் பட்டமேற்ற செய்தியை அழியாத உலோகத்தில் பதித்து, அதை யார் கையில் சேர்க்க வேண்டுமோ அவர்களிடம் சேர்ப்பதே அதன் வேலை. அந்தக் கைகள் யாருடையவை என்பது நூற்றாண்டுதோறும் மாறி வந்திருக்கிறது. அந்த மாற்றத்தில் முடியாட்சியின் வரலாறும் அடங்கியிருக்கிறது.

பதக்கக் கலை 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்தது. திருச்சபை மாநாட்டுக்காக 1438இல் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் பலையலோகோஸ் இத்தாலிக்கு வந்தபோது, ஓவியர் பிசானெல்லோ அவருடைய முகத்தைப் பக்கவாட்டில் வடித்து ஒரு பதக்கத்தை வார்த்தார். அரச குடும்பங்கள் இந்தக் கலையை விரைவில் தமதாக்கிக்கொண்டன. ஆறாம் எட்வர்ட் 1547இல் முடிசூடியதைக் குறிக்கும் பதக்கமே இங்கிலாந்தின் முதல் முடிசூட்டுப் பதக்கம். அதில் லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மும்மொழிகளிலும் வாசகங்கள் உண்டு. சிறுவனாக அரியணை ஏறிய அரசரே இங்கிலாந்துத் திருச்சபைக்கும் தலைவர் என்று அவை அறிவித்தன. படித்தவர்களுக்கும் அயல்நாட்டு அரசவைகளுக்கும் சொல்லப்பட்ட செய்தி அது.

விழாவுக்கு வந்தவர்களுக்கு வழங்குவதற்கென்றே பதக்கம் அடிக்கும் வழக்கம் 1603இல் முதலாம் ஜேம்ஸ் காலத்தில் தொடங்கியது. சிறிய அந்த வெள்ளிப் பதக்கம் அவரை ரோமானியச் சீசர்களின் வாரிசாகவே காட்டுகிறது. தலையில் இருப்பது வெற்றிவாகை மாலை. முதலாம் சார்ல்ஸ் 1633இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்தின் அரசராக முடிசூடியபோது, பிரெஞ்சு வேலைப்பாட்டாளர் நிக்கோலஸ் பிரியோ பதக்கம் செய்தார். அவற்றுள் சில ஸ்காட்லாந்து மண்ணிலேயே எடுத்த தங்கத்தால் ஆனவை. அந்தச் செய்தி விளிம்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 1661இல் இரண்டாம் சார்ல்ஸின் முடிசூட்டுப் பதக்கத்தை வடித்தவர் தாமஸ் சைமன். மன்னராட்சியை வீழ்த்திய கிராம்வெல்லுக்கு முன்பு பதக்கம் செய்து கொடுத்த அதே கலைஞர்தான், திரும்பி வந்த மன்னரின் தலையில் மகுடம் ஏறுவதையும் செதுக்கினார்.

அக்காலத்தில் பதக்கம் அடிக்கும் அச்சை எஃகில் நேரடியாகக் கையால் வெட்ட வேண்டும். முகம், எழுத்து எல்லாமே இடவலம் மாறி, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் இருக்கும். செதுக்கி முடித்த எஃகைக் காய்ச்சி நீரில் தோய்த்துக் கடினமாக்கும்போது விரிசல் விட்டால், பல மாத உழைப்பு வீணாகும். புடைப்பு அதிகமுள்ள பதக்கத்தை ஒரே அடியில் அடித்துவிடவும் முடியாது. ஓர் அடியில் உலோகம் இறுகிவிடும். அதைச் சுட்டு இளக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்து அடிக்க வேண்டும். முகத்தின் மேடு முழுமையாகத் தெரியும்வரை இது தொடரும்.

முடிசூட்டு நாளன்று வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் பதக்கங்களை வாரி இறைப்பது மரபாக இருந்தது. 1838இல் விக்டோரியா முடிசூடியபோது, அரண்மனைப் பொருளாளரான சர்ரே பிரபு வெள்ளிப் பதக்கங்களை வீசினார். உயர்குடியினரே அவற்றுக்காக முண்டியடித்தனர். அந்தப் பதக்கத்தை வடித்தவர் இத்தாலியரான பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி. பின்புறத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் பெண்ணுருவில் நின்று அரசிக்கு மகுடம் அளிக்கின்றன.

இயந்திரங்கள் பெருகியதும் பதக்கம் எளியவர்களையும் எட்டியது. விக்டோரியாவின் 1887, 1897 ஆண்டு நிறைவு விழாக்களில் ஊராட்சிகள் பள்ளிக் குழந்தைகளுக்கு மலிவான உலோகப் பதக்கங்களை வழங்கின. அதே விழாக்களில், மார்பில் ரிப்பனோடு அணியும் பதக்கமும் நிலைபெற்றது. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஜூன் 26 அன்று நடப்பதாக இருந்தது. இரண்டு நாளுக்கு முன் அவருக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்ததால், விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிப்போனது. ஆனால் அணியும் பதக்கங்களில் பழைய நாளே நின்றுவிட்டது. நடக்காத நாளைச் சுமந்தபடியே அவை வழங்கப்பட்டன.

இந்தியாவில் பதக்கம் ஆட்சிக்கருவியாகவே பயன்பட்டது. விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று 1877 ஜனவரி 1 அன்று தில்லியில் அறிவிக்கப்பட்டபோது, சமஸ்தான அரசர்களுக்குத் தங்கப் பதக்கம் அணிவிக்கப்பட்டது. ஆங்கிலம், பாரசீகம், இந்தி ஆகிய மூன்றிலும் பேரரசிப் பட்டம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. பரம்பரை மன்னர் ஒருவர் அதைக் கழுத்தில் ஏற்றதே, மேலாண்மையை ஏற்றதற்கு அடையாளமாயிற்று. 1903 தர்பாரின் பதக்கத்தில் எட்வர்டின் முகத்துக்குப் பின்புறம் பாரசீக வாசகமே இருந்தது. 1911 டிசம்பர் 12 தர்பாருக்கு ஐந்தாம் ஜார்ஜே நேரில் வந்தார். அதற்காக 200 தங்கப் பதக்கங்களும் 30,000 வெள்ளிப் பதக்கங்களும் அடிக்கப்பட்டன. தங்கம் மன்னர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் சென்றது. வெள்ளி சாதாரணச் சிப்பாய்கள் வரை எட்டியது. லண்டன் முடிசூட்டுப் பதக்கத்தை ஏற்கெனவே பெற்றவர்களுக்கு இரண்டாவது பதக்கம் தரப்படவில்லை. ‘தில்லி’ என்று பொறித்த பட்டை மட்டும் ரிப்பனில் சேர்க்கப்பட்டது.

1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது, பிரிட்டிஷ் நாணயச் சாலை பழைய முறையில் விற்பனைக்கான பதக்கம் அடிக்கவில்லை. அரசி குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஐந்து ஷில்லிங் நாணயத்தை வெளியிட்டது. மார்பில் அணியும் பதக்கம் மட்டும் தொடர்ந்தது. 2023இல் மூன்றாம் சார்ல்ஸின் முடிசூட்டுப் பதக்கம் படையினருக்கும், காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் வழங்கப்பட்டது. பிரபுக்கள் முண்டியடித்துப் பொறுக்கியது, இன்று பொதுப்பணி செய்தவரின் உரிமையாக வந்து சேர்கிறது.