அல்சைமர் மருந்துகளின் பாதுகாப்புக் கண்காணிப்பு

அல்சைமர் நோய்க்கான மருந்துகள் விற்பனைக்கு வந்தபின் ஏற்படுத்தும் பக்கவிளைவுகளைத் தொடர்ந்து பதிவு செய்து ஆராயும் பணி. மருந்துச் சோதனைகளுக்கு வேறு கடும் நோய் இல்லாதவர்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டில் அந்த மாத்திரையைச் சாப்பிடுபவரோ எண்பது வயதைத் தாண்டி, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சேர்த்து மருந்து எடுப்பவராக இருப்பார். தலைசுற்றுகிறது என்று சொல்லக்கூட அவருக்கு வராமல் போகலாம். இந்தத் துறையின் தனிச் சிக்கல் இதுதான்.

இந்நோய்க்கென அமெரிக்காவில் முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து டாக்ரின் (1993). அதை உட்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கல்லீரல் நொதி உயர்ந்தது. வெளியே அறிகுறி தெரியாததால் அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்ப்பது கட்டாயமாயிற்று. 1996இல் டோனெபெசில் வந்ததும் டாக்ரின் வழக்கொழியத் தொடங்கியது.

டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் மூன்றும் மூளையில் அசிடைல்கோலினைக் கூட்டுகின்றன. அதே பொருள் இதயத் துடிப்பைக் குறைக்கவும் செய்யும். இதன் விலை என்ன என்பதை 2009இல் கனடாவின் ஒன்டாரியோ மாநில மருத்துவப் பதிவேடுகள் காட்டின. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்கள், இம்மருந்து எடுத்தவர்களில் 31.5, எடுக்காதவர்களில் 18.6. இடுப்பெலும்பு முறிவும் பேஸ்மேக்கர் பொருத்துவதும்கூட மிகுதி. முதுமையில் விழுவது இயல்பு என்று விட்டுவிடக்கூடிய ஒன்றை ஆயிரக்கணக்கான பதிவுகள் சேர்ந்துதான் மருந்தோடு இணைத்தன. இதே மாநிலத்தில் 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் வருத்தம் தருவது. மருந்தால் சிறுநீர் கட்டுப்பாடு குலைந்தவர்களுக்கு அதைப் புதிய நோயாகக் கருதி, அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்று கூட்டியதை மற்றொன்று தடுத்தது.

சில தீங்குகள் மருந்தில் இல்லை, அது கைமாறும் வழியில் இருந்தன. காலன்டமினின் வணிகப் பெயரான ரெமினில், சர்க்கரை மருந்தான அமரில் என்பதோடு குழம்பி உயிரிழப்புவரை போனது. 2005இல் அமெரிக்காவில் பெயரையே மாற்றினார்கள். தோலில் ஒட்டிய பழைய ரிவாஸ்டிக்மின் பட்டையை உரிக்காமல் புதியதை ஒட்டியதால் மருந்து மிகுந்தவர்களும் உண்டு.

2021க்குப் பின் வந்த அமிலாய்டு எதிர்ப்புப் புரதங்கள் மூளையில் வீக்கத்தையும் நுண்கசிவையும் உண்டாக்கக்கூடியவை. அவற்றில் ஒன்றான லெகானெமாப்பின் சோதனையில் 12.6 விழுக்காட்டினருக்கு வீக்கம் தெரிந்தது. பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் இல்லை. ஏபிஓஇ4 மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஆபத்து அதிகம். சிகிச்சையின் தொடக்கக்கட்டத்தில் நேர்ந்த இறப்புகளை ஆராய்ந்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2025 ஆகஸ்டில், லெகானெமாப்பின் மூன்றாம் தவணையை ஏற்றுவதற்கு முன்பும் எம்ஆர்ஐ எடுக்கப் பரிந்துரைத்தது.

இந்தியாவில் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம்.