கோணத்தில் திரும்பும் சுழற்சி

சாலையோரத்தில் நிற்கும் ஒரு லாரியின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். முன்புறத்திலுள்ள கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சு வரை நீண்ட எஃகுக் குழாய் ஒன்று செல்வதைக் காணலாம். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது அதுதான். பட்டறைகளில் அதைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். அதன் இரு முனைகளிலும் முழங்கை மடங்குவதுபோல் மடங்கக்கூடிய இணைப்பு ஒன்று இருக்கும். யூனிவர்சல் ஜாயின்ட் எனப்படும் இந்த இணைப்பின் வரலாறு வியப்பானது. மோட்டார் வண்டி தோன்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சூரியனை ஆராய்ந்த ஓர் அறிஞரின் கையில் அது இருந்தது.

இணைப்பு ஏன் மடங்க வேண்டும்?

சுழலும் இரண்டு தண்டுகளை இணைப்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, முனைகளின்மேல் ஓர் உலோக உறையை மாட்டிவிடலாம். உறை வழுக்கிச் சுழலாதிருக்க, தண்டிலும் உறையிலும் பள்ளம் வெட்டி, ‘கீ’ எனப்படும் எஃகுத் துண்டை அதில் பொருத்துவார்கள். மோட்டாரையும் பம்பையும் இணைப்பதற்கு இத்தகைய விறைப்பான இணைப்புகள் பயன்படுகின்றன. ஆனால் தண்டுகள் சிறிதளவு கோணல்மாணலாக அமைந்துவிட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் அவை வளைந்து நிமிரும். தாங்கிகள் தேயும், நாளடைவில் தண்டே முறியவும் கூடும்.

லாரியிலோ தண்டுகள் நேர்கோட்டில் நிற்பதே இல்லை. எஞ்சின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. பின் அச்சோ வில்களின்மேல் ஏறி இறங்குகிறது. பள்ளமான சாலையில் இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் நொடிக்கு நொடி மாறுகிறது. ஆகவே சுழற்சியைக் கடத்தும்போதே மடங்கவும் கூடிய இணைப்புத் தேவைப்படுகிறது.

யூனிவர்சல் ஜாயின்ட்டின் அமைப்பு எளியது. ஒவ்வொரு தண்டின் முனையும் கவைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டு கவைகளையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, நடுவில் சிலுவை வடிவமான ஒரு துண்டைப் பொருத்துவார்கள். சிலுவையின் இரு கரங்கள் ஒரு கவையிலும் மற்ற இரு கரங்கள் அடுத்த கவையிலும் அசையும். அவ்வளவுதான்.

பெயர் யாருக்கு, பெருமை யாருக்கு?

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இதனைக் கார்டன் இணைப்பு என்றே அழைக்கிறார்கள். இத்தாலிய மருத்துவரும் கணித அறிஞருமான கார்டனோவின் பெயரால் அமைந்தது இது. 1550-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அவர் வளையத் தொங்கலைப் பற்றி எழுதினார். கப்பல் எப்படி ஆடினாலும் திசைகாட்டியைக் கிடைமட்டமாக வைத்திருக்கும் வளையங்களே அவை. அந்த அமைப்பு அவருக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. சுழற்சியைக் கடத்தும் இணைப்பை அவர் உருவாக்கியதாகக் கொள்ள இடமில்லை. ஆயினும் பெயர் அவருக்கே நிலைத்துவிட்டது.

1664-இல் காஸ்பர் ஷாட் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் இந்த இணைப்பைத் தம் நூலில் விளக்கினார். ஒரு தண்டு சீராகச் சுழன்றால் மற்றதும் அதே சீரான வேகத்தில் சுழலும் என்று அவர் கருதினார். பார்ப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். முதல் தண்டு ஒரு சுற்று முடிக்கும்போது இரண்டாவதும் சரியாக ஒரு சுற்று முடிக்கிறது அல்லவா? ஆனால் அந்த ஒரு சுற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கவனித்தவர் ராபர்ட் ஹூக்.

ஹூக் கண்ட உண்மை

ஹூக் 1635-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தவர். 1662 முதல் லண்டன் ராயல் கழகத்தில் சோதனைகளைச் செய்துகாட்டும் பொறுப்பை வகித்தார். நுண்ணோக்கியில் கண்டவற்றை 1665-இல் நூலாக வெளியிட்டு, ‘செல்’ என்ற சொல்லை உயிரியலுக்கு வழங்கியவரும் இவரே.

சூரியனைக் கண்ணுக்கு ஊறு நேராமல் பார்ப்பதற்கான கருவிகளைப் பற்றி 1676-இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நாம் பள்ளியில் படிக்கும் ஹூக் விதியை எழுத்துகளை இடம் மாற்றிப் புதிராக மறைத்து வெளியிட்டதும் இந்நூலில்தான். இதே நூலில் யூனிவர்சல் ஜாயின்ட்டையும் விளக்கினார். இணைப்பு மடங்கியிருக்கும்போது, முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுழல்வதில்லை. ஒரு சுற்றில் இருமுறை விரைந்தும் இருமுறை தயங்கியும் செல்கிறது.

வீட்டிலேயே இதன் காரணத்தைக் காணலாம். ஒரு சுவர்க் கடிகாரத்தை மேசைமேல் கிடத்தி, 6 என்ற எண் இருக்கும் பக்கத்தில் சற்றுத் தள்ளி நின்று சாய்வாகப் பாருங்கள். வட்டமான முகப்பு நீள்வட்டமாகத் தெரியும். மணிக்குறிகள் உண்மையில் சம கோணத்தில் உள்ளன. ஆனால் 3, 9 ஆகியவற்றின் அருகே அவை நெருங்கியும், 12, 6 ஆகியவற்றின் அருகே விலகியும் தோன்றும். சாய்ந்த தளத்திலுள்ள சம கோணங்கள் மற்றொரு தளத்தில் சமமாக அமைவதில்லை. இணைப்பிலும் நிகழ்வது இதுவே.

கணக்கும் எளியதுதான். இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கோசைன் மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தண்டின் வேகத்தை அந்த மதிப்பால் பெருக்கினால் இரண்டாவது தண்டின் மிகக் குறைந்த வேகம் கிடைக்கும். வகுத்தால் மிகக் கூடிய வேகம் கிடைக்கும். கோணம் 30 பாகை எனில் கோசைன் 0.866. முதல் தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்றுகள் சுழன்றால், இரண்டாவது தண்டின் வேகம் 866-க்கும் 1155-க்கும் இடையே ஊசலாடும். கோணம் 10 பாகை எனில் 985-க்கும் 1015-க்கும் இடையில் நிற்கும்.

குறையே கருவியானது

இப்படி ஒரு குறை தெரிந்தால் நாம் அந்த இணைப்பையே ஒதுக்கியிருப்போம். ஹூக் அந்தக் குறைக்கு ஒரு பயனைக் கண்டார். அதுதான் நிழற்கடிகாரம்.

சூரியன் வானில் மணிக்கு 15 பாகை வீதம் சீராகச் செல்கிறது. ஆனால் கிடைமட்டமான நிழற்கடிகாரத்தில் நிழல் சீராக நகர்வதில்லை. லண்டனில் நண்பகல் 12 முதல் 1 மணி வரை நிழல் ஏறத்தாழ 12 பாகை நகர்கிறது. மாலை 5 முதல் 6 மணி வரை ஏறத்தாழ 19 பாகை நகர்கிறது. இந்த ஏற்றத்தாழ்வும் மடங்கிய இணைப்பின் ஏற்றத்தாழ்வும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பதை ஹூக் கண்டார். லண்டனின் அட்சரேகை 51.5 பாகை. அதை 90-லிருந்து கழித்தால் 38.5 பாகை. அந்தக் கோணத்தில் இணைப்பை மடக்கி, முதல் தண்டை நாளொன்றுக்கு ஒரு சுற்றாகச் சீராகச் சுழற்றினால், இரண்டாவது தண்டில் பொருத்திய முள் நிழலைப் போலவே நகரும். வானில் நிகழும் கணக்கை இரண்டு கவைகளும் ஒரு சிலுவையும் செய்து முடிக்கின்றன.

குறையைக் குறையால் நீக்குதல்

குறையின் அளவை அறிந்தவருக்கு அதை நீக்கும் வழியும் புலப்பட்டது. இரு இணைப்புகளை ஓர் இடைத்தண்டின் இரு முனைகளிலும் பொருத்தும் முறையை 1683-இல் ஹூக் கூறினார். முதல் இணைப்பு உண்டாக்கும் தயக்கத்தை இரண்டாவது இணைப்பின் விரைவு ஈடுசெய்துவிடும். ஆனால் இதற்கு நிபந்தனைகள் உண்டு. மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். இரு இணைப்புகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். இடைத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

லாரியின் தண்டில் இரண்டு இணைப்புகள் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். பின் அச்சு ஏறி இறங்கும்போது தண்டின் நீளமும் மாற வேண்டியிருப்பதால், அது இரு பகுதிகளாகச் செய்யப்பட்டு ஸ்ப்லைன் என்னும் பல்வரிசையால் இணைக்கப்படுகிறது. தண்டைச் சுற்றிலும் பல கீகளைச் செதுக்கியது போன்றது அது. சுழற்சியைக் கடத்தும், நீளவாக்கில் வழுக்கவும் இடம் தரும். பழுது பார்க்கும்போது இந்த இரு பகுதிகளையும் பிரிப்பதற்கு முன் இரண்டிலும் நேர்க்குறி இட வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கவைகள் ஒரே தளத்தில் அமையா. கவைகள் 90 பாகை திரும்பிவிட்டால், குறைகள் ஒன்றையொன்று நீக்குவதற்குப் பதில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். இணைப்புக் கோணம் 10 பாகையே ஆனாலும், 1000 சுற்று வேகம் 970-க்கும் 1031-க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை துள்ளும். வண்டி அதிரும், சிலுவைத் தாங்கிகள் விரைவில் தேயும். 1683-ஆம் ஆண்டு நிபந்தனையை மறந்ததற்குக் கொடுக்கும் விலை அது.

மோட்டார் யுகம்

ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் வில்லிஸ் 1841-இல் இணைப்பின் இயக்கத்தை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். எனினும் அதற்குப் பெருவாழ்வு தந்தது மோட்டார் வண்டியே. தொடக்க காலத்தில் பல வண்டிகள் சங்கிலியால் இயங்கின. சங்கிலி இரைந்தது; தூசியில் தேய்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற கிளாரன்ஸ் ஸ்பைசர், உறையிட்ட யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கு 1903-இல் காப்புரிமை பெற்று, 1904-இல் உற்பத்தியைத் தொடங்கினார்.

முன் சக்கரங்களை எஞ்சினே சுழற்றும் கார்களில் புதிய சிக்கல் எழுந்தது. அச்சக்கரங்கள் சுழல்வதோடு, திருப்பத்தில் பெருங்கோணத்தில் திரும்பவும் வேண்டும். அங்கே ஒற்றை ஹூக் இணைப்பு இருந்தால் ஸ்டியரிங் கையில் துடிக்கும். இதற்குத் தீர்வு கண்டவர்களுள் ஒருவர் ஆல்பிரட் ரெசெப்பா. 1920-களில் அவர் அமைத்த இணைப்பில் சிலுவை கிடையாது. பள்ளங்களில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள் உண்டு. இரு தண்டுகளுக்கும் இடையிலுள்ள கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே குண்டுகள் எப்போதும் நிற்கின்றன. அத்தளத்திலுள்ள எந்தப் புள்ளியும் இரு அச்சுகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். ஆகவே இரு தண்டுகளும் ஒவ்வொரு கணமும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரில் இவ்வகை இணைப்பு இடம்பெற்றது. நம் நாட்டில் 1983-இல் வந்த மாருதி 800 முன் சக்கர இயக்கத்தைப் பல குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தியது.

ஹூக்கின் நம்பத்தகுந்த உருவப்படம் ஒன்றுகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய இணைப்பும் பாதி உலகில் வேறொருவர் பெயரால் வழங்குகிறது. எனினும் அடுத்த முறை ஒரு பட்டறையில், பழுது பார்ப்பவர் தண்டைக் கழற்றுமுன் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவதைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஹூக் கண்ட கணக்கை அந்தக் கோடு காத்து வருகிறது.