வேய்ந்தவர் கண்ட மேலூர்

மதுரையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேலூரின் வரலாறு பெரும்பாலும் கல்வெட்டையும் படையெடுப்பையும் பாசனத்தையும் தேர்தலையும் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் அவ்வூர் மக்களின் தலைக்கு மேலே என்ன மாற்றத்தை உண்டாக்கின என்பதை நேரில் அறிந்தவர், வீட்டு முகட்டில் ஏறி நின்று பழைய ஓலையைப் பிரித்துப் புதியதை வேய்கிற கூரைத் தொழிலாளரே. எழுத்தில் 'வேய்தல்' எனப்படும் இத்தொழிலை மதுரை வட்டாரத்தார் பேச்சில் 'மேய்தல்' என்பர். 'கூரை மேயணும்', 'ஓட்டைப் பிரிச்சு மேயணும்' என்பவை இன்றும் வழங்குகின்றன. எந்த ஓலை எங்கிருந்து வந்தது, எந்தத் தெருவில் ஓடு முதலில் ஏறியது, எந்தத் தெருவில் அது ஏறவே இல்லை என்பவையெல்லாம் அவருடைய கைப்பழக்கத்தில் தங்கியிருக்கும் செய்திகள். ஊர் வரலாறு எழுதியவர்கள் அவரிடம் கேட்காமல் விட்ட குறை பெரிது.

மேலூர் வட்டாரத்தில் மனிதர் செப்பம் செய்த மிகப் பழைய கூரைகள் பாறையால் ஆனவை. மாங்குளத்தை அடுத்த மீனாட்சிபுரம் மலையிலும், அரிட்டாபட்டிக் குன்றிலும், கீழவளவிலும் சமணத் துறவியர் தங்கிய இயற்கைக் குகைத்தளங்கள் உள்ளன. பாறையின் நெற்றியில் விழும் மழைநீர் கீழே சொட்டாமல், கல்லைப் பற்றிக்கொண்டே உள்ளே வழிந்து படுக்கைகளை நனைத்துவிடும் என்பதால், அந்த நெற்றி நெடுகிலும் உளியால் ஒரு பள்ளக்கோடு வெட்டப்பட்டது. 'காடி' அல்லது 'நீர்வடி விளிம்பு' எனப்படும் அந்தக் கோட்டை எட்டியதும் நீர் மேலே ஊர வழியின்றிச் சொட்டிவிடும். மாங்குளத்துத் தமிழி எழுத்துகளை (தமிழ்பிராமி என்றும் வழங்கும் பழந்தமிழ் வரிவடிவத்தை) 1882-இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன் பெயர், கணிநந்தன் என்னும் துறவியின் பெயர், வெள்ளறை நிகமத்தார் என்னும் குழுவின் பெயர் ஆகியவை அவற்றில் படிக்கப்பட்டன. நிகமம் என்பது வணிகர் குழு. வெள்ளறையை மேலூர் சாலையிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியாக அறிஞர்கள் அடையாளம் காண்பர். கொடை அளித்தவர்களின் பெயர் நிலைத்திருக்கிறது. நீர் எந்த இடத்தில் சொட்டும் என்று கணித்துக் காடி வெட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் இவ்வட்டாரத்துக் கூரைத் தொழிலின் முதல் ஆவணம் அந்தக் கோடுதான்.

பாறைக்கு அடுத்து வந்தது சுட்ட மண். மாங்குளம் மலையிலேயே மாநிலத் தொல்லியல் துறை 2007-ஐ ஒட்டி நடத்திய அகழாய்வில், துறவியர் கூடி வழிபட்ட மண்டபமாகக் கருதப்படும் செங்கல் கட்டுமானமும் அதன் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் கிடைத்த ஓடுகள் இந்த நுட்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. மண் ஈரமாக இருக்கும்போதே விரல்களை அழுத்தி மேலிருந்து கீழாக இழுத்த வரிப்பள்ளங்கள் அவற்றின் மேற்பரப்பில் உள்ளன. மேல் விளிம்பில், நாரோ கயிறோ கோத்து மரச்சட்டத்தில் கட்டுவதற்கான இரண்டு துளைகள் உள்ளன. ஓடுகளோடு இரும்பு ஆணிகளும் கிடைத்திருப்பதால், மரத்தால் சட்டகம் அடித்து அதன்மேல் சரிவாக ஓடு பரப்பினர் என்பது உறுதியாகிறது. 2019-இல் வெளியான அறிக்கை கீழடிப் பண்பாட்டின் தொடக்கத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றபோது உலகின் கவனம் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளின் மீதே குவிந்தது. கூரை வேய்பவர் ஒருவர் அந்த ஓட்டைக் கையில் வாங்கினால், முதலில் துளை இருக்கும் பக்கத்தை மேலே வைத்துப் பிடிப்பார். விரல் இழுத்த பள்ளம் நீரை வடிக்கப் போட்டது என்பது அவருக்கு விளக்காமலே விளங்கும்.

அதற்குப் பிந்திய நெடுங்காலத்தில், கோயிலும் அரண்மனையும் தவிர, சமவெளியின் பெரும்பான்மை வீடுகள் ஓலையாலும் வைக்கோலாலும் புல்லாலும் வேயப்பட்டவையே. வறண்ட கிழக்குப் பகுதியில் பனையோலையும், வைகைக் கரையின் சோழவந்தான் பக்கத்துத் தோப்புகளிலிருந்து தென்னங்கீற்றும், அழகர்மலை அடிவாரத்தில் மலையோரப் புல்லும் கிடைத்தன. முகட்டில் ஓடும் நீள்மரம் முகட்டுவளை. அதிலிருந்து சுவர் நோக்கிச் சரிந்து இறங்குபவை கைமரங்கள். கைமரங்களின் குறுக்கே நெருக்கமாகக் கட்டப்படும் மெல்லிய கழிகள் வரிச்சு. சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரையின் கீழ்விளிம்பு இறவாணம். வேய்ச்சல் எப்போதும் இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடியும். மேல் வரிசை கீழ் வரிசையின் மீது ஏறிப் படிந்தால்தான் நீர் உள்ளே இறங்காது. தென்னங்கீற்று ஓரிரு ஆண்டுகளும், பனையோலை அதைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாகவும் தாங்கும் என்பதால், அறுவடை முடிந்த தை மாதத்திற்கும் ஆடிக்காற்றுக்கும் இடைப்பட்ட காலமே இத்தொழிலாளருக்கு ஓய்வில்லாத காலமாக இருந்தது.

ஓலைக்கூரைக்கு மழையைவிடக் கொடிய பகை நெருப்பு. அந்த நெருப்பு தற்செயலாக மட்டும் வந்ததில்லை. மேலூரும் வெள்ளலூரும் சூழ்ந்த பகுதியில் கள்ளர் சமூகத்தார் 'நாடு' என்னும் ஊர்க்கூட்டங்களாக, அம்பலகாரர் என்னும் தலைவர்களின் கீழ் வாழ்ந்து, ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்குத் துணைநின்ற கும்பினிக்கும் (கிழக்கிந்தியக் கம்பெனிக்கும்) வரி செலுத்த மறுத்து வந்தனர். 1755-இல் கர்னல் ஹெரானின் கும்பினிப் படை கோவில்குடியிலிருந்து திருவுருவங்களைக் கவர்ந்து திரும்பியபோது, நத்தம் கணவாயில் கள்ளர்கள் அப்படையை மறித்துத் தாக்கி அவற்றை மீட்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1767-இல், கேப்டன் ரம்லி மேலூரில் பாசறை அமைத்து வெள்ளலூர் நாட்டின்மீது படை நடத்தினார். ஊரைச் சூழ்ந்து தீயிட்டு, வெளியேறி ஓடியவர்களைக் கொன்றதில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டதாக 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் குறிப்புகளே சொல்கின்றன. இந்நிகழ்ச்சியைப் போர் என்று எழுதுவோர் உண்டு. ஆனால் ஓலை வேய்ந்த வீடுகள் நெருங்கி நின்ற ஓர் ஊருக்குத் தீ வைப்பது எத்தகைய செயல் என்பதை அறிந்தவர்கள் அதைப் படுகொலை என்றே சொல்வார்கள்.

ஓலையோடு கூரைக்கு உதவிய வைக்கோலை இவ்வட்டாரத்துக்கு ஏராளமாகத் தந்தது முல்லைப்பெரியாறு. 1876-78 பெரும்பஞ்சம் தென்மாவட்டங்களை உலுக்கிய பின், மேற்கே பாயும் பெரியாற்றை மலையில் மறித்துச் சுரங்கத்தின் வழியே வைகைப் பக்கம் திருப்பும் பழைய யோசனை விரைந்து செயலாக்கப்பட்டது. ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய பணி நிறைவுற்று, 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவைத்தார். வைகையின் பேரணை மதகிலிருந்து புறப்படும் பெரியாறு பிரதானக் கால்வாயில், கள்ளந்திரி வரையுள்ள நிலம் இருபோகப் பாசனமாகவும், அதற்கு அப்பாலுள்ள மேலூர்ப் பகுதி ஒருபோகப் பாசனமாகவும் வகுக்கப்பட்டுள்ளன. ஒருபோகம் என்பது ஆண்டுக்கு ஒரே நெற்பயிருக்கு மட்டும் நீர் பெறும் உரிமை. மேலூர்ப் பகுதியில் அவ்வுரிமை பெற்ற பரப்பு இன்று 85,563 ஏக்கர். கடைமடை ஆனதால் நீர் வந்துசேராத ஆண்டுகளும் அதற்கான மறியல்களும் இங்கே வழக்கமானவை என்றாலும், மானாவாரிப் பூமியாகக் கிடந்த சமவெளியில் நெல் நிலைபெற்றது இக்கால்வாயால்தான்.

வைக்கோல் இங்கே கூரையோடு நின்றுவிடவில்லை. வெள்ளலூர் ஏழைகாத்த அம்மன் கோயிலின் புரட்டாசித் திருவிழாவில் ஏழு சிறுமியர் தெய்வங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வணங்கப்படுகின்றனர். பெண்கள் கலயம் சுமந்து நடக்க, ஆண்கள் உடல் முழுவதும் வைக்கோல் பிரியைச் சுற்றி, முகமூடி அணிந்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். பிரி என்பது வைக்கோலைத் திரித்து முறுக்கிய கயிறு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தாளைக் கொடுத்து, இடக்கையால் இழுத்துக்கொண்டே வலக்கையால் முறுக்கும் அந்த வேலை, வேளாண் வீடுகளில் சிறுவர்கூட அறிந்த வேலை.

நெல்லால் கையில் பணம் சேர்ந்தபோது, வீடு கட்டுவோரின் கண் ஓட்டின்மீது திரும்பியது. குயவர் சக்கரத்தில் வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட வளைந்த நாட்டு ஓடு முன்பே இருந்தது; அது ஒன்றின்மேல் ஒன்று சும்மா கிடப்பதால், பூனை ஓடினாலும் குரங்கு குதித்தாலும் விலகி, ஆண்டுக்கொரு முறை பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் என்னும் சமயத் தொண்டு நிறுவனம் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலை, 'சீமை ஓடு' எனப்படும், எந்திரத்தில் அழுத்தி வார்த்த தட்டையான ஓட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஓரங்களில் வரம்பும் பள்ளமும் கொண்டு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் இந்த ஓட்டில், 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 போதும். 1875-இல் இரயில் பாதை மதுரையை எட்டியிருந்தது. மேலூருக்கோ இன்றளவும் இரயில் இல்லை. ஆகவே மதுரையில் இறங்கிய ஓடு மாட்டுவண்டியில்தான் மேலூர் சேர்ந்திருக்கும் என்று கருதலாம்.

இந்த ஓட்டின் அடிப்பக்க முத்திரை ஒரு நல்ல காலக்கணக்கு, அதைப் படிக்கத் தெரிந்தால். பிரிக்கும்போது 1865 என்று பொறித்த ஓட்டைக் கண்டு அந்த வீட்டுக்கு அத்தனை வயது என்று பெருமை கொள்வோர் உண்டு. அது ஓடு சுட்ட ஆண்டு அன்று, தொழிற்சாலை தோன்றிய ஆண்டு. பாசல் மிஷனின் தொழிலகங்கள் முதல் உலகப் போரின் விளைவாகக் காமன்வெல்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறின. எனவே பாசல் மிஷன் பெயர் பொறித்த ஓடு போருக்கு முந்திய சரக்கு என்றும், காமன்வெல்த் பெயர் பொறித்தது பிந்தியது என்றும் கொள்ளலாம். இரண்டும் ஒரே கூரையில் கலந்து கிடந்தால், இடையில் ஒருமுறை பழுதுபார்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பத்திரப்பதிவில் இல்லாத இந்தச் செய்தியை, ஓட்டைத் திருப்பிப் பார்த்த ஒருவரே சொல்ல முடியும்.

ஆனால் ஓடு எல்லாத் தெருவுக்கும் ஒரே காலத்தில் ஏறவில்லை; ஒடுக்கப்பட்டோர் தெருக்கள் பின்தங்கியே நின்றன. மேலூர் வட்டத்துத் தும்பைப்பட்டியில் 1908-இல் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்த பி. கக்கன், 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயருடன், ஒடுக்கப்பட்டோருக்கு அதுவரை நுழைவு மறுக்கப்பட்டிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது பொதுப்பணித் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அமைச்சராக அத்தனை கட்டடங்களை எழுப்பியவர், 1967 தேர்தலில் தோற்றபின் வாடகை வீட்டில் குடியிருந்தார் என்பதை இவ்வட்டாரத்தார் இன்றும் நெகிழ்ந்து சொல்கின்றனர். அதே வட்டத்தைச் சேர்ந்த மேலவளவில், ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996-இல், வேட்புமனு அளிக்கப்பட்டதை ஒட்டித் தலித் குடும்பங்களின் வீடுகள் எரிக்கப்பட்டன; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். 1767-இல் அந்நியப் படை வெள்ளலூர் நாட்டில் கையாண்ட தீ என்னும் அதே ஆயுதம், இம்முறை ஒரே மண்ணின் மக்களுக்கு இடையில் கையாளப்பட்டது. மேலூரின் வீரத்தை எழுதும் கை இதையும் எழுதியாக வேண்டும். இரண்டிலும் எரிந்தவை எளியவர்களின் வீடுகள்.

தீப்பற்றாத கூரை என்பது அரசின் கடமையாக ஆனது அண்மைக் காலத்தில்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கூரை வேய்ந்த பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டபின், பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 2010-இல் தொடங்கியது. 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்னும் இலக்கோடு, வீட்டுக்கு 3.50 இலட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது. இத்திட்டங்களால் ஓலை வேய்ச்சல் வீட்டை விட்டு வெளியேறி, சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையாற்றுக்கு எழுந்தருளும் வழிநெடுகிலும் எழும் மண்டகப்படிப் பந்தல்களிலும், திருமணக் கொட்டகைகளிலும், சாலையோர இளநீர்க் கடைகளிலும் தங்கியிருக்கிறது. மண்டகப்படி என்பது சுவாமி தங்கி இளைப்பாறும் இடம். அங்கும் இப்போது கீற்றுக்குப் பதில் தகரமும் துணியும் ஏறி வருகின்றன. கீற்று முடைந்தவரும் ஓடு மாற்றியவரும் தகரக் கொட்டகை அடிக்கும் வேலைக்கு மாறியிருக்கின்றனர், அல்லது தம் முன்னோர் ஏற்றிய ஓடுகளை உடையாமல் இறக்கிப் பழைய சாமான் கடைக்கு அனுப்பும் வேலையைச் செய்கின்றனர்.

கனவு இல்லத்தின் விதிப்படி வீட்டின் பரப்பு குறைந்தது 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். எஞ்சிய 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறொரு பொருளால் பயனாளி தம் விருப்பப்படி வேய்ந்துகொள்ளலாம். அந்த 60 சதுர அடிக்கு, பழைய கணக்குப்படி, 90 சீமை ஓடு தேவைப்படும்.