முன்விளக்கும் வழியோரப் பழுதுநீக்கமும்

மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு நடுவழியில் அணைந்துவிட்டால் பழுதை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, விளக்கை எரிய வைத்தது எது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு விடை இருந்துவந்துள்ளது. கார்பைடு வாயு, டைனமோ, பேட்டரி, எல்.இ.டி. என்று ஒளியின் மூலம் மாற மாற, பழுதும் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து விலகிச் சென்றது. வண்டி ஓட்டுபவருக்கு வேண்டியிருந்த திறனும் கைப்பழக்கத்திலிருந்து காரணத்தைத் தேடி அறிவதாக மாறியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்களில் பெரிதும் பயன்பட்டது அசிட்டிலீன் விளக்கு. சுண்ணாம்பையும் கரியையும் மின்உலையில் சூடாக்கிக் கால்சியம் கார்பைடைப் பெருமளவில் செய்யும் வழியைக் கனடா நாட்டவரான தாமஸ் வில்சன் 1892-இல் கண்டறிந்தபின், அந்தக் கட்டிகளின்மேல் நீரைச் சொட்டவிட்டு வாயுவை உண்டாக்கி எரிக்கும் விளக்குகள் மலிவாகப் பரவின. இவ்விளக்கு அணைந்தால் நீர் தீர்ந்திருக்கும், கார்பைடு சுண்ணாம்புச் சேறாகியிருக்கும், அல்லது வாயு வெளிவரும் நுண்துளை அடைபட்டிருக்கும். மூன்றையும் கண்ணால் பார்த்தே அறியலாம் என்பதால், ஒரு மெல்லிய கம்பியும் சிறிது நீரும் கைவசம் இருந்தாலே பெரும்பாலும் பயணம் தொடர்ந்தது.

1920-களில் இந்நிலை மாறியது. இயந்திரத்திற்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவையும் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவையும் ஒரே உறுப்பாக இணைத்துப் பர்மிங்காமின் லூகாஸ் நிறுவனம் செய்த ‘மேக்டைனோ’ பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இடம்பெற்றது. மின்சாரம் பல்புக்குச் செல்ல ஒயர் இருந்தாலும் அது திரும்பிவர வண்டியின் இரும்புச் சட்டமே வழியானது. மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்று சொல்லும் இந்தத் திரும்பும் வழியில் துருவோ பெயின்ட்டோ குறுக்கிட்டால், பல்பும் பேட்டரியும் நல்ல நிலையில் இருந்தும் விளக்கு எரியாது.

மறைந்திருக்கும் இத்தகைய பழுதைக் காட்டிக்கொடுக்கும் கருவிகளும் வண்டியிலேயே அமைந்தன. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாக்கிய புல்லட்டில், முன்விளக்கின் மேற்கூட்டில் மின்னோட்டத்தை அளக்கும் ஆம்பியர் மீட்டரும், இரு பக்கமும் சிறிய பைலட் விளக்குகளும் இருந்தன. இயந்திரம் ஓடாத நிலையில் முன்விளக்கைப் போட்டதும் முள் மின்னிழப்புப் பக்கம் சாய்ந்தால் பல்புக்கு மின்சாரம் போகிறது என்றும், அசையாமல் நின்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது என்றும், ஓரத்திற்கே பாய்ந்தால் ஒயர் சட்டத்தில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது என்றும் கொள்ளலாம். பைலட் விளக்குகள் மட்டும் எரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தேடல் ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், ஹோல்டர், பல்பு ஆகியவற்றோடு முடிந்துவிடும்.

பேட்டரியின் துணையின்றி விளக்கை எரித்த சிறிய வண்டிகளுக்கு வேறொரு தர்க்கம் தேவைப்பட்டது. ஓசூரில் 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகளில், சுழலும் ஃபிளைவீலின் காந்தம் காயிலில் உண்டாக்கும் மின்சாரம் நேரடியாகப் பல்புக்குச் சென்றதால், வேகம் குறைந்தால் ஒளி மங்கியது, கூடினால் பெருகியது. அத்தகைய அமைப்பில் பின்விளக்கு ஃபியூஸ் போனால் அதன் பங்கு மின்சாரமும் முன்விளக்கின்மேல் விழுந்து அதையும் எரித்துவிடக்கூடும். ஆகவே பின்விளக்கைப் பார்க்காமல் முன்பல்பை மட்டும் மாற்றினால் புதிய பல்பும் நெடுநேரம் நிற்காது.

பழைய வண்டிகளின் மங்கல் ஒளிக்கு 6 வோல்ட் அமைப்பும் ஒரு காரணம். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியரையும் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியரையும் இழுக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் துருப்பிடித்த இணைப்பில் இழக்கப்படும் வோல்ட்டும் இருமடங்காகும். 6 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தாலே இழைப் பல்பின் ஒளி ஏறக்குறைய பாதியாகிவிடுவதால், பல்பை மாற்றுவதைவிட இணைப்புகளை உப்புத்தாளால் தேய்ப்பதே அக்காலத்தில் பலன் தந்தது. 12 வோல்ட் பரவியபின் இத்தொல்லை தணிந்தது.

பட்டறைகள் எட்டாத சாலைகளில், ஸ்விட்சை விலக்கிப் பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒயரை ‘டைரக்ட்’ கொடுப்பது வழக்கமாக இருந்தது. பழுது ஸ்விட்சில் இருக்கும்வரை அது பயன்பட்டது. ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிய வழக்கமோ ஆபத்தானது. ஃபியூஸை எரித்த ஷார்ட் அப்படியே இருக்க, அடுத்து எரிய வேண்டியது ஒயரிங்தான்.

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவின் புதிய இருசக்கர வண்டிகளில் இயந்திரம் ஓடும்போது முன்விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்ற விதி வந்ததால், இருட்டியபின் தெரியவந்த பழுது பகலிலேயே தெரியத் தொடங்கியது. ஆனால் எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் பல்பைத் தனியே கழற்ற முடியாது. ஒளிதரும் பகுதி கெட்டால் விளக்குத் தொகுதி முழுவதையும் மாற்ற நேர்கிறது. இன்று வழியோரத்தில் வண்டி ஓட்டுபவரின் கைக்கு எஞ்சியிருப்பவை ஃபியூஸ், செருகி இணைப்புகள், எர்த் ஆகிய மூன்றே. எனினும் மின்சாரம் எந்த வழியாகச் சென்று எந்த வழியாகத் திரும்புகிறது என்று தேடும் முறை, மேக்டைனோ காலத்தில் கற்றதிலிருந்து மாறவில்லை.