எச்.ஐ.வி. உள்ளோருக்கு ஹெபடைடிஸ் சி தடுப்பூசி: சோதனையைத் தமிழகத்தில் எங்கே தொடங்குவது?

1989-ல் இனங்காணப்பட்ட ஹெபடைடிஸ் சி வைரசுக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை. எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் கல்லீரல் இறுக்கம் விரைந்து முற்றுகிறது. உலகில் இரண்டு தொற்றும் உள்ளோர் ஏறத்தாழ 23 லட்சம் பேர் என 2016-ல் மதிப்பிடப்பட்டது. இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொள்பவர்கள். சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிறுவனம் 2005-06-ல் இத்தகையோரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்விலும் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஹெபடைடிஸ் சி தொற்றின் அடையாளமும், ஏறத்தாழ கால்பங்கினரிடம் எச்.ஐ.வி.யும் காணப்பட்டன.

2018 முதல் தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசமாகத் தரும் மாத்திரைகள் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோரைக் குணமாக்குகின்றன. பிறகு தடுப்பூசி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் குணமானவருக்கு மறுதொற்றிலிருந்து உறுதியான காப்பு இல்லை. பிறர் பயன்படுத்திய ஊசி மீண்டும் அதே நோயைத் தரக்கூடும்.

இதுவரை மிகத் தொலைவு சென்ற முயற்சி அமெரிக்காவில் 548 பேரிடம் நடந்தது. சிம்பன்சி அடினோவைரசை முதல் ஊசியிலும், எம்.வி.ஏ. என்னும் வலுவிழந்த அம்மை வைரசை அடுத்த ஊசியிலும் தடுப்பூசிக்கூறைச் சுமந்துசெல்லும் சுமப்பியாக வைத்தார்கள். 2021-ல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: தடுப்பூசி பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் தலா 14 பேருக்கு நாள்பட்ட தொற்று உண்டானது. நோயெதிர்ப்புக்கான டி அணுக்கள் தூண்டப்பட்டன, தொடக்கத்தில் வைரஸ் அளவும் குறைந்தது. எனினும் தொற்று நிலைபெறுவதை அவை தடுக்கவில்லை. அந்தத் தடுப்பூசி 1பி வகை வைரசைக் கொண்டு செய்யப்பட்டது. இந்தியாவில் மிகுந்திருப்பது 3-ஆம் வகை. எச்.ஐ.வி. உள்ளோர் அச்சோதனையில் சேர்க்கப்படவும் இல்லை.

இந்த விடுபடல் சிறிய குறையன்று. ஹெபடைடிஸ் சி வைரசை அடக்கும் சிடி8 வகை டி அணுக்களுக்குத் துணைநிற்பவை சிடி4 அணுக்கள், எச்.ஐ.வி. அழிப்பதும் அவற்றையே. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகூட எச்.ஐ.வி. உள்ளோரிடம் குறைவாகவே வேலை செய்வதால் பலருக்கு இரட்டை அளவு தேவைப்படுகிறது. எச்.ஐ.வி. இல்லாதவரிடம் கிடைத்த முடிவை, மிகுதியாகத் தேவைப்படுவோருக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது அறமும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

தமிழகத்துக்கு இதில் முன்னனுபவம் உண்டு. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 2006-ல் எம்.வி.ஏ. சுமப்பியில் அமைந்த எச்.ஐ.வி. தடுப்பூசியைத் தொற்றில்லாத தன்னார்வலரிடம் சோதித்தது. எச்.ஐ.வி.க்குக் கூட்டுமருந்து (ஏ.ஆர்.டி.) உண்போரிடம் அதே சுமப்பியின் பாதுகாப்பையும் டி அணுத் தூண்டலையும் காண்பது அடுத்த படி. அதற்கு ஏற்ற களம் திண்டுக்கல் போன்ற ஊரின் ஏ.ஆர்.டி. மையம். வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டைப் பக்கத்தவர் மருந்து வாங்க முறையாக வந்து போகிறார்கள். சிடி4, வைரஸ் அளவுப் பரிசோதனை அவர்களுக்குப் புதிதல்ல. அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. ஆனால் தமிழகத்தில் எச்.ஐ.வி. பெரும்பாலும் உடலுறவு வழியே பரவியதால், இத்தகைய ஊரில் தடுப்பூசியின் காக்கும் திறனை அளக்க முடியாது. அதை ஊசிவழித் தொற்று மிகுந்த சென்னையில்தான் அளக்க வேண்டும், 3-ஆம் வகை வைரசையும் சேர்த்துச் செய்த தடுப்பூசியைக் கொண்டு. பங்கேற்போருக்குத் தூய ஊசியும், தொற்று வந்தால் உடனடி மருந்தும், 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் கேட்கும் இசைவும் மறைகாப்பும் முதல் நாளிலிருந்தே கிடைக்க வேண்டும்.